எழுபத்தைந்து என்றால் எவ்வளவு?

எங்கள் ஊர் மண்ணச்சநல்லூர். திருச்சியிலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து துறையூர் செல்லும் சாலையில் உள்ளது. அரிசி ஆலைகளால் பெயர் பெற்ற ஊர். இவ்வூரில் பிறந்த பிள்ளைகளுக்கு நெல்லும் அரிசியும் பாடப்புத்தகத்திற்கு முன்பே பாடம் சொல்லிவிடுகின்றன. கடைவீதியில் ஒருவர் "எழுபத்தைந்து" என்று மட்டும் சொன்னால், கேட்பவர் உடனே "எது? மூட்டையின் எடையா, கிலோவின் விலையா?" என்று திருப்பிக் கேட்பார். அளவின் பெயரைச் சேர்க்காத எண்ணை எங்கள் ஊர் வியாபாரி எவரும் நம்புவதில்லை. சிப்பம், மூட்டை, கிலோ, டன் என்று சொன்ன பிறகே பேரம் தொடங்கும்.

அரிசிக்குக் காட்டும் இந்த எச்சரிக்கையை நாம் காற்றுக்குக் காட்டுகின்றோமா? இல்லை என்பதை இவ்வாண்டு நாங்களே ஒரு தவறு செய்து அறிந்துகொண்டோம். அந்தத் தவற்றையும் அதனால் கற்றதையும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாங்கள் செய்த தவறு

ஜனவரி மாதம் குடியரசு நாள் அணிவகுப்புக்காக நாள்தோறும் காலையில் ஒத்திகை நடந்தது. எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தியின் அண்ணன் பொறியியல் கல்லூரியில் படிக்கிறார். தம் செய்முறைத் திட்டத்திற்காக வைத்திருந்த கையடக்கமான தூசி அளக்கும் கருவி ஒன்றை அவர் சில நாள்களுக்கு எங்கள் அறிவியல் மன்றத்திற்குக் கொடுத்து உதவினார். நாங்கள் பெருமையுடன் அதை மைதானத்தில் வைத்து, அது காட்டிய எண்ணைக் கரும்பலகையில் "இன்றைய காற்று" என்ற தலைப்பின் கீழ் எழுதினோம். அருகில் காற்றுத் தரக் குறியீட்டின் வண்ண அட்டவணையையும் ஒட்டிவைத்தோம்.

ஒருநாள் காலை பனி மூட்டமாக இருந்தது. கருவி 75 என்று காட்டியது. அட்டவணையில் 51 முதல் 100 வரை "திருப்தி" என்று இருந்தது. "காற்று எப்படி?" என்று உடற்கல்வி ஆசிரியை கேட்டபோது, "எழுபத்தைந்து, மிஸ். திருப்தி!" என்று ஒரே குரலில் சொன்னோம். ஒத்திகை முக்கால் மணி நேரம் நடந்தது. மூச்சிளைப்பு நோயுள்ள எங்கள் தோழி ஒருத்தியும் அணியில் நடந்தாள். காற்று சரியில்லாத நாளில் அவள் வகுப்பறையிலேயே இருக்கலாம் என்று தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் முன்பே அனுமதி அளித்திருந்தார். ஆனால் பலகையில்தான் "திருப்தி" என்று இருந்ததே! இரண்டாம் பாடவேளையில் அவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. மருந்தை உறிஞ்சி, அரை மணி நேரம் அமர்ந்த பிறகே அவளால் பேச முடிந்தது.

காற்றுதான் காரணம் என்று எங்களால் உறுதியாகக் கூற இயலாது. பனியாலும் வந்திருக்கலாம், ஓட்டத்தாலும் வந்திருக்கலாம். ஆனால் அன்று மாலை அறிவியல் ஆசிரியை கருவியைக் கையில் வாங்கிப் பார்த்து, "இந்த 75 எதில்?" என்று கேட்டபோது எங்களால் வாய் திறக்க முடியவில்லை. திரையின் மூலையில் மிகச் சிறிய எழுத்தில் "மைக்ரோகிராம் / கன மீட்டர்" என்பதற்கான குறி இருந்தது. நாங்கள் அதைக் காணவே இல்லை. கருவி காட்டியது தூசியின் எடை. அட்டவணை பேசியதோ குறியீட்டெண். கிலோவை ரூபாய் என்று படித்தவர்கள் போல ஆனோம்.

மைக்ரோகிராம் என்பது என்ன?

ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் கொண்ட பெட்டியில் அடங்கும் காற்று ஒரு கன மீட்டர். அப்பெட்டியில் எத்தனை மைக்ரோகிராம் தூசி மிதக்கிறது என்பதே அந்த அளவு. எங்கள் கருவி 2.5 மைக்ரான் அளவும் அதற்கும் குறைந்த அளவும் உள்ள நுண்துகள்களை அளப்பது. ஒரு தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் இத்துகள். மூக்கும் தொண்டையும் இதைத் தடுப்பதில்லை. நுரையீரலின் அடி வரை சென்றுவிடும்.

இதைக் கண்ணால் காண ஒரு வழி தேடினோம். வேதியியல் ஆய்வகத் தராசில் 100 பொன்னி அரிசியை எண்ணி நிறுத்தோம். 1.2 கிராம் இருந்தது. ஆக, ஓர் அரிசி 12 மில்லிகிராம், அதாவது 12,000 மைக்ரோகிராம். எங்கள் வகுப்பறை 7 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கொள்ளளவு 105 கன மீட்டர். கன மீட்டருக்கு 75 மைக்ரோகிராம் என்றால் வகுப்பறை முழுவதிலும் உள்ள நுண்துகள் 7,875 மைக்ரோகிராம். ஓர் அரிசியில் மூன்றில் இரண்டு பங்கு! அவ்வளவுதானா என்று எங்களுள் சிலர் சிரித்தனர். ஆனால் மனிதர் ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். அப்படியானால் பதினாறு நாள்களில் ஓர் அரிசியின் எடையுள்ள நுண்துகள் அவருடைய மூச்சுப் பாதைக்குள் நுழைகிறது. அரிசி வயிற்றுக்குப் போனால் உணவு. இது நுரையீரலுக்குப் போகிறது. சிரிப்பு அடங்கிவிட்டது.

எடையா, எண்ணிக்கையா?

தூசியைப் பெரும்பாலும் எடையால் சொல்கிறார்கள். வாயுக்களை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒன்று, கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்னும் எடை. மற்றொன்று, நூறு கோடி காற்று மூலக்கூறுகளில் அவ்வாயுவின் மூலக்கூறுகள் எத்தனை என்னும் எண்ணிக்கை. நம் நாட்டு விதிகள் எடையைப் பயன்படுத்துகின்றன. அமெரிக்கா போன்ற நாடுகளில் வாயுக்களுக்கு எண்ணிக்கையே வழக்கம்.

இதில் ஒரு பொறி உள்ளது. கந்தக டை ஆக்சைடு நூறு கோடியில் 40 பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் 24 மணி நேரத்திற்கான வரம்பு 80. "பாதிதானே இருக்கிறது" என்று ஒருவர் மகிழ்ந்துவிடலாம். ஆனால் 25 டிகிரி வெப்பநிலையில் அந்த 40 பங்கை எடைக்கு மாற்றினால் கன மீட்டருக்கு ஏறத்தாழ 105 மைக்ரோகிராம் ஆகும். வரம்பு 80 மைக்ரோகிராம். பாதி என்று எண்ணியது உண்மையில் வரம்பை மீறியது! அலகை மறைத்த எண் பொய் சொல்வதில்லை. ஆனால் நம்மைப் பொய்யாக நினைக்க வைக்கிறது.

குறியீட்டெண் பிறந்த கதை

"இத்தனை கணக்கும் பொதுமக்களுக்கு எப்படிப் புரியும்?" என்ற கேள்வி எழுவது இயல்பே. நம் நாட்டில் 1981ஆம் ஆண்டு காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. காற்றின் தர வரம்புகள் முதன்முதல் 1982ஆம் ஆண்டிலும், பின்னர் 1994, 2009ஆம் ஆண்டுகளிலும் வெளியிடப்பட்டன. 2009ஆம் ஆண்டு வரம்புகளின்படி நுண்துகள் 2.5 ஒரு நாளின் சராசரியில் 60 மைக்ரோகிராமையும், ஓர் ஆண்டின் சராசரியில் 40 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு பரிந்துரைத்த அளவுகள் இன்னும் குறைவு: நாளுக்கு 15, ஆண்டுக்கு 5.

இவ்வரம்புகள் அதிகாரிகளுக்கும் அறிவியலாருக்கும் விளங்கின. வீட்டில் இருக்கும் தாய்க்கு விளங்கவில்லை. ஆகவே கான்பூர் ஐ.ஐ.டி.யின் உதவியுடன் தேசியக் காற்றுத் தரக் குறியீடு உருவாக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டு, 2015 ஏப்ரல் 6ஆம் நாள் பிரதமரால் தொடங்கிவைக்கப்பட்டது. தொடக்கத்தில் இடம்பெற்ற பத்து நகரங்களுள் நம் சென்னையும் ஒன்று. ஓர் எண், ஒரு வண்ணம், ஒரு விளக்கம் என்பதே அதன் கொள்கை.

எட்டு மாசுகளைக் கணக்கில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் கண்டு, அவற்றுள் மிகப் பெரியதையே அன்றைய குறியீடாக அறிவிக்கிறார்கள். எட்டையும் கூட்டுவதில்லை. ஒரு பாடத்தில் தவறினாலும் தேர்வில் தவறியதாகக் கொள்வது போன்றது இது. 0 முதல் 50 வரை நன்று; 51 முதல் 100 வரை திருப்தி; 101 முதல் 200 வரை மிதம்; 201 முதல் 300 வரை மோசம்; 301 முதல் 400 வரை மிக மோசம்; 401 முதல் 500 வரை கடுமை. "மிதம்" என்ற வரியின் எதிரே, நுரையீரல் அல்லது இதய நோய் உள்ளவர்களுக்கும், சிறுவர்களுக்கும், முதியோருக்கும் மூச்சுச் சிரமம் ஏற்படலாம் என்ற எச்சரிக்கை உண்டு.

இப்போது எங்கள் 75க்கு வருவோம். அது ஒரு நாளின் சராசரியாக இருந்திருந்தால், நம் நாட்டுக் குறியீட்டில் ஏறத்தாழ 149. அதாவது "திருப்தி" அன்று, "மிதம்". எங்கள் தோழியைப் போன்றவர்களைக் குறிப்பிட்டு எச்சரிக்கும் வரி அதுதான். அந்த வரியை விட்டு அதற்கு மேல் வரியைப் படித்துவிட்டோம்.

ஒரே காற்று, மூன்று எண்கள்

குறியீடு வந்ததோடு குழப்பம் தீர்ந்துவிட்டதா? இல்லை. அமெரிக்காவின் குறியீடும் நம் குறியீடும் 0 முதல் 500 வரை ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் வரம்புகள் வேறு. அதே 75 மைக்ரோகிராம் அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ 165 ஆகி, உடல்நலத்திற்குக் கேடு என்ற பிரிவில் சேரும். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் பல ஆண்டுகள் தன் வளாகத்தில் நுண்துகளை அளந்து, அந்நாட்டுக் கணக்கின்படி வெளியிட்டு வந்தது. 2025 மார்ச் மாதத்தில் அது நின்றது. அக்காலத்தில் ஒரே நகரத்தின் காற்றுக்கு இருவகை எண்கள் உலவின. இன்றும் கைப்பேசிச் செயலிகளுள் சில நம் நாட்டுக் கணக்கையும், சில அமெரிக்கக் கணக்கையும் காட்டுகின்றன. ஆகவே 75, 149, 165 என்ற மூன்றும் ஒரே காற்றாக இருக்கலாம். வண்ணமும் ஏமாற்றும். நம் அட்டவணையில் மஞ்சள் 101க்கு மேல்; அமெரிக்க அட்டவணையில் 51க்கு மேலேயே மஞ்சள்.

இதைக் கேட்ட எங்கள் அப்பாயி, "எங்க காலத்துப் படி மாதிரி இருக்கே!" என்றார். அந்நாளில் ஊருக்கு ஊர் படியின் அளவு மாறுமாம். எந்த ஊர்ப் படி என்று கேட்டுக்கொண்டே நெல் வாங்குவார்களாம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்த பிறகே அத்தொல்லை தீர்ந்தது. காற்றுக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை.

எப்போது? எங்கே?

எங்கள் தவறு இன்னொன்றும் உண்டு. கருவி காட்டியது ஒரு நிமிடத்தின் அளவு. குறியீடோ நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுவது. தை மாதக் காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருப்பதால், புகை மேலெழ வழியின்றித் தாழவே தங்குகிறது. வெயில் ஏறியதும் கலைந்துவிடும். காலை ஏழு மணிக்கு 75 இருந்தால் நாள் முழுவதும் 75 என்று ஆகாது. நாள் சராசரி குறைவு என்பதால் காலையில் ஓடுவது பாதுகாப்பு என்றும் ஆகாது.

இடமும் அப்படியே. திருச்சி மாநகரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளக்கும் எண் கொள்ளிடத்திற்கு அப்பால் உள்ள காற்றைப் பற்றியது. அதை அப்படியே எங்கள் தெருவுக்கு எடுத்துக்கொள்ளல் ஆகாது.

திண்ணையில் விழும் கரி

எங்கள் ஊர்த் தாய்மார்களுக்கு ஒரு சொந்த அளவு உண்டு. "இன்றைக்குத் திண்ணையை இரண்டு தடவை கூட்ட வேண்டியிருந்தது," "கோலத்தின் மேல் கரி விழுந்துவிட்டது" என்பார்கள். 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி. அந்த உமியை எரித்து நெல் அவிக்கும்போது ஏறத்தாழ 4 கிலோ சாம்பல் மிஞ்சுகிறது. அதில் பெரும்பகுதி சிலிக்கா. நன்றாக எரியாத கொதிகலனிலிருந்து அதில் ஒரு பகுதி புகைபோக்கி வழியே பறக்கிறது.

திண்ணை அளவு பொய்யன்று. விழும் தூசியை ஒரு சதுர மீட்டருக்கு மாதம் எத்தனை கிராம் என்று அறிவியலாரும் அளக்கிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரிந்து கீழே விழுவது பெரிய துகள். நுரையீரலில் புகுவது விழாமல் மிதக்கும் சிறிய துகள். இரண்டும் வேறு வேறு. திண்ணை சுத்தமாக இருப்பதால் காற்று சுத்தம் என்று கூற முடியாது.

புகைபோக்கிக்குள் அளக்கும்போது மைக்ரோகிராம் அன்று, மில்லிகிராம் பயன்படுத்துவார்கள். ஒரு மில்லிகிராம் ஆயிரம் மைக்ரோகிராம். புகைபோக்கியின் எண்ணையும் தெருவின் எண்ணையும் அலகின்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆயிரம் மடங்கு தவறு நேரும். ஆலைகளைக் குறை கூற இதை எழுதவில்லை. எங்களில் பலருடைய பெற்றோர் அவ்வாலைகளில் உழைத்தே எங்களைப் படிக்க வைக்கின்றனர். ஆலையிடமும் அதிகாரியிடமும் நம் பெற்றோர் பேச நேர்ந்தால், இரு தரப்பும் ஒரே அளவில் பேச வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

எளிய அளவு நல்ல அளவா?

2015ஆம் ஆண்டு பெர்க்லி எர்த் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒரு புதிய ஒப்பீட்டைக் கூறியது. கன மீட்டருக்கு 22 மைக்ரோகிராம் நுண்துகள் உள்ள காற்றை ஒரு நாள் முழுவதும் சுவாசிப்பது ஒரு சிகரெட் பிடிப்பதற்குச் சமம் என்பதே அது. கேட்டவுடன் நெஞ்சில் தைக்கிறது. ஆனால் இன்று என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை. சிகரெட் புகையில் உள்ள நிகோட்டின் தெருக் காற்றில் இல்லை. அச்சம் தரும் அளவு வேறு, வழி காட்டும் அளவு வேறு. எங்கள் தோழிக்குத் தேவைப்பட்டது இரண்டாவது.

எங்கள் புதிய பலகை

இப்போது எங்கள் கரும்பலகையில் எண் மட்டும் தனியாக நிற்பதில்லை. எந்த மாசு, எந்த அலகு, எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு நேரச் சராசரி ஆகிய ஐந்தையும் எழுதுகிறோம். எடுத்துக்காட்டாக: "நுண்துகள் 2.5, கன மீட்டருக்கு 75 மைக்ரோகிராம், பள்ளி மைதானம், காலை 7.00 முதல் 7.15 வரையிலான சராசரி." அதற்குக் கீழே எளிய சொற்களில் ஒரு வரி: "இளைப்பு உள்ளவர்கள் ஓட வேண்டாம், மருந்தை உடன் வைத்துக்கொள்ளவும்." கால்மணி நேர அளவை வைத்துக் குறியீட்டெண் எழுதுவதை நிறுத்திவிட்டோம். குறியீடு வேண்டுமென்றால் வாரியம் வெளியிட்டதை, திருச்சி என்று இடம் குறித்து, தனியே எழுதுகிறோம். வண்ணத்தை மட்டும் நம்புவதில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களும் நம்மிடையே உண்டு அல்லவா? கருவியைத் திருப்பிக் கொடுத்த நாள்களில் "இன்று அளக்கவில்லை" என்று எழுதினோம். அறியாததை அறிந்ததுபோல் எழுதுவதைவிட அது நேர்மையானது.

எங்கள் தோழி இப்போது நலமாக இருக்கிறாள். இக்கட்டுரையை எழுத அவளிடமும் அவள் தாயாரிடமும் அனுமதி கேட்டோம். தாயார் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "எழுதுங்கள். ஆனால் எண்ணைப் போட்டு நிறுத்திவிடாதீர்கள். என் பெண் வெளியே போகலாமா, கூடாதா என்பதைப் போடுங்கள். எனக்கு வேண்டியது அதுதான்" என்றார். கணித ஆசிரியை அலகு எழுதாத விடைக்கு அரை மதிப்பெண் குறைக்கும்போது முன்பெல்லாம் முணுமுணுப்போம். இப்போது முணுமுணுப்பதில்லை.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி,
அறிவியல் மன்றத்தின் சார்பில்